ஆஃப் செய்து வைத்தாலும் மல்டிமீட்டர் பேட்டரி மூன்றே வாரத்தில் இறங்கிவிடுகிறது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 9 வோல்ட் சதுர பேட்டரி போடும் கையடக்க டிஜிட்டல் மல்டிமீட்டர். முன்பெல்லாம் ஒரு பேட்டரி ஒரு வருடத்துக்கு மேல் வரும். இப்போது நாபை ஆஃபில் வைத்துத்தான் பையில் போடுகிறேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் மூன்று வாரம் கழித்து எடுத்தால் திரையில் பேட்டரி குறி வந்து நிற்கிறது. இன்னும் சில நாள் விட்டால் திரையே வருவதில்லை. இரண்டு வெவ்வேறு கம்பெனி ஆல்கலைன் பேட்டரி போட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டுக்கும் ஒரே கதி.

இன்னொரு விஷயம். குறி வந்த பிறகு ஒரு 12 வோல்ட் அடாப்டரை அளந்தேன், 13.4 என்று காட்டியது. புது பேட்டரி போட்டதும் அதே அடாப்டர் 12.1. மீட்டரே கெட்டுவிட்டதா?

ஓம்விதி:
இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் ஆபத்தானது. வெளியே அளப்பதை மீட்டர் உள்ளே ஒரு நிலையான வோல்டேஜோடு ஒப்பிட்டுத்தான் எண்ணைக் காட்டும்; அந்த ஒப்பீட்டு வோல்டேஜ் பேட்டரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த ஒப்பீடும் சேர்ந்து இறங்கும், அதனால் அளவு கூடுதலாகக் காட்டும். மீட்டர் கெடவில்லை. ஆனால் பேட்டரி குறி வந்த பிறகு அது காட்டும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

இனி பேட்டரி இறங்குவது. ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். இன்னொரு மீட்டரை இரவல் வாங்குங்கள். புரோப்களை (அளக்கும் முனையுள்ள கம்பிகளை) உங்கள் மீட்டரின் சாக்கெட்டிலிருந்து உருவிய பிறகே மூடியைத் திறக்கவும். பேட்டரியின் கிளிப்பைக் கழற்றி, ஒரு முனையை மட்டும் மாட்டி, பேட்டரியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். இப்போது பேட்டரியில் ஒரு முனையும் கிளிப்பில் ஒரு முனையும் வெறுமையாக நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இரவல் மீட்டரை மில்லிஆம்ப் ரேஞ்சில் வையுங்கள். நாப் ஆஃபில் இருக்கும்போது எவ்வளவு, ஆனில் எவ்வளவு என்று சொல்லுங்கள். ஆஃபில் மிகக் குறைவாக வந்தால் மட்டும் மைக்ரோஆம்ப் ரேஞ்சுக்குப் போங்கள்.

செம்புக்கம்பி:
ஆட்டோ பவர் ஆஃப் ஆகவும் இருக்கலாமே? எனக்கு அப்படித்தான் ஆயிற்று. திரை அணைந்ததும் ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து நாபைத் திருப்பாமலே வைத்துவிடுவேன். உள்ளே சிப் தூங்கிக்கொண்டுதான் இருக்கும், பட்டனை அழுத்தினால் எழுந்திருக்க வேண்டுமே, அதற்குக் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். பல மீட்டர்களில் உச்ச, நீச அளவுகளைப் பதிவு செய்யும் முறையில் வைத்தால் ஆட்டோ ஆஃப் வேலையே செய்யாது.

கேட்டவர்:
இல்லை அண்ணா, என் மீட்டரில் அந்த வசதியே கிடையாது. நாப் மட்டும்தான்.

அளந்தேன். ஆனில் 2.4 மில்லிஆம்ப். ஆஃபில் 0.87 மில்லிஆம்ப். ஆஃபில் பூஜ்யம் வரவேண்டும்தானே?

ஓம்விதி:
கிட்டத்தட்ட பூஜ்யம் வரவேண்டும். கணக்குப் போடுங்கள்: நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 550 மில்லிஆம்ப்-மணி இருக்கும். 0.87 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 630 மணி நேரம், அதாவது 26 நாள். நீங்கள் சொன்ன காலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. பேட்டரி மேல் குற்றமில்லை.

ஓம் விதிப்படி 9 வோல்ட்டை 0.87 மில்லிஆம்ப்பால் வகுத்தால் 10 கிலோஓம். பேட்டரியின் இரு முனைக்கும் குறுக்கே யாரோ ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரை மாட்டி வைத்தது போல. நாபுக்கு முன்பாகவே கரண்ட் கசிகிறது, அல்லது நாபின் தொடுபுள்ளிகள் முழுதாகத் துண்டிக்கவில்லை.

பழைய ரேடியோ:
பேட்டரிக்குக் குறுக்கே ஒரு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் சிறு உருளை) இருக்கிறதா பாருங்கள் தம்பி. வயதான கெப்பாசிட்டர் கசியும். அதை மாற்றினால் சரியாகிவிடும்.

ஓம்விதி:
ஐயா சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் சாலிடர் இரும்பை எடுக்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது, செலவில்லாதது. மீட்டரைத் திறந்து, அளக்கும் மீட்டரை அப்படியே மாட்டி வைத்துக்கொண்டு, பேட்டரி கம்பிகள் போர்டில் சேரும் இடத்தில் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஓரிரு நிமிடம் காட்டுங்கள். கெப்பாசிட்டர் கசிந்தால் சூடு ஏற ஏறக் கரண்ட் கூடும். போர்டின் மேல் ஈரம் பிடித்த உப்புப் படலம் இருந்தால் அது காயக் காயக் கரண்ட் குறையும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால் குழப்பமே வராது. திரைப் பக்கம் சூடு காட்டாதீர்கள், எல்சிடி கறுத்துவிடும். ஆறினால் பெரும்பாலும் தெளியும், இருந்தாலும் எதற்கு வம்பு.

இதுவரை இந்த மீட்டரில் எப்போதாவது பேட்டரி கசிந்திருக்கிறதா?

கேட்டவர்:
அட, ஆமாம்! போன வருடம் ஒரு பேட்டரி உள்ளேயே கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் நன்றாகத் துடைத்தேன், பளிச்சென்று ஆனது. அதனால்தான் அதைச் சொல்லவே தோன்றவில்லை.

சூடு காட்டினேன். 870 மைக்ரோஆம்ப் (அதே 0.87 மில்லிஆம்ப்தான்) இருந்தது 600, 310 என்று இறங்கி 140இல் நின்றது. டிரையரை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன், ஒரு மணி நேரத்தில் மறுபடி 500ஐத் தாண்டிவிட்டது. சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் போர்டில் சாலிடர் ஆன இடங்களுக்கு நடுவில் மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அங்கே மெல்லிய பாசி போல ஒன்று, ஓரம் பச்சை.

ஓம்விதி:
கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகும், அதுதான் அந்த வெள்ளைப் பூ. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமானால் கரண்டைக் கடத்தும். காய்ந்து மறுபடி ஏறியது அதனால்தான்.

நீங்கள் துடைத்தும் போகாததற்குக் காரணம், பொட்டாசியம் கார்பனேட் ஆல்கஹாலில் கரையாது. பலரும் சறுக்கும் இடம் இது. எல்லாவற்றுக்கும் ஆல்கஹால் என்று பழகிவிட்டோம். இதற்குத் தண்ணீர்தான் வேண்டும், அதற்கு முன் கொஞ்சம் அமிலம்.

பேட்டரியைக் கழற்றுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையுறை இருந்தால் போடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷில் ஒரு சொட்டு வெள்ளை வினிகர் எடுத்து அந்த இடத்தில் மட்டும் தேயுங்கள், லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் டிஸ்டில்ட் வாட்டரால் இரண்டு மூன்று முறை கழுவித் துடைக்கவும். வினிகரை அங்கேயே விட்டால் அது தனியாக அரிக்கும். கடைசியில் ஆல்கஹால், இப்போது அது தண்ணீரை விரட்டுவதற்காக. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். நாபின் வட்டத் தடங்களிலும், திரைக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பட்டையிலும் விரல் படவே கூடாது. நாபைக் கழற்றினால் குட்டி இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும், முடிந்தால் கழற்றாதீர்கள்.

இன்னொன்று: கிளிப்பின் கம்பி உறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். கசிவு கம்பிக்குள்ளேயே ஊர்ந்து போகும்.

பழைய ரேடியோ:
அந்தச் சூட்டுச் சோதனை எனக்கும் புதிது. நான் சொன்னபடி கெப்பாசிட்டரை மாற்றியிருந்தால் வீண் வேலை ஆகியிருக்கும்.

கேட்டவர்:
எல்லாம் செய்துவிட்டேன். கறுப்புக் கம்பியைச் சீவினால் செம்பே தெரியவில்லை, இழையெல்லாம் கறுத்து, தொட்டால் ஒடிகிறது. கிளிப்பையே புதிதாக மாற்றினேன். பச்சை ஓரத்தின் கீழ் போர்டின் ஒரு செம்புத் தடம் பாதி அரித்திருந்தது, அதன் மேல் ஒற்றைச் செம்பு இழையை வைத்து சாலிடர் செய்தேன். இப்போது ஆஃபில் 0.2 மைக்ரோஆம்ப். ஆனில் 1.5 மில்லிஆம்ப், முன்பிருந்த 2.4இலிருந்து கசிவைக் கழித்தால் சரியாக வருகிறது.

பேட்டரியில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். போடும்போது 9.5 வோல்ட்.

கேட்டவர், ஐந்து வாரம் கழித்து:
பேட்டரி 9.4 வோல்ட். அடாப்டர் 12.1. மனமார்ந்த நன்றி.