பாரிஸில் எதை எங்கே, எந்தக் கிழமையில் வாங்கலாம்? – அனுபவப் பகிர்வு

காரைக்கால்:

பாரிஸுக்கு வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கடைக்குப் போகலாம்?" என்பதைத்தான். அதற்கு முன் அன்று என்ன கிழமை என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். ஊஸ்மன் சாலையில் இருக்கும் கலெரி லஃபயெத், பிரந்தாம் போன்ற பெரிய அங்காடிகள் திறந்திருக்கும். திங்கட்கிழமை பல தெருச் சந்தைகள் கிடையாது. ரொட்டிக் கடைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று வார விடுமுறை வைத்திருக்கும். கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆகஸ்ட் மாதத்தில் சிறு கடைக்காரர்கள் பலர் வாரக்கணக்கில் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த மாதம் வருகிறவர்கள் சிறு கடைகளை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

தள்ளுபடிக் காலத்தை இங்கே 'சோல்த்' என்பார்கள். அதன் தேதியைச் சட்டமே தீர்மானிக்கிறது. குளிர்காலத்தில் ஜனவரி இரண்டாம் புதன். அது 12ஆம் தேதிக்குப் பின் விழுந்தால் முதல் புதன். கோடையில் ஜூன் கடைசிப் புதன். அது 28ஆம் தேதியைத் தாண்டினால் அதற்கு முந்தைய புதன். ஒவ்வொன்றும் நான்கு வாரம் நடக்கும். போகப்போக விலை இறங்கும், அளவும் தீர்ந்துபோகும். சராசரி உடல்வாகு உள்ளவர்கள் முதல் இரண்டு நாளில் வாங்கிவிடுவது நல்லது. மிகச் சிறிய, மிகப் பெரிய அளவுக்காரர்கள் மூன்றாவது விலைக்குறைப்பு வரை பொறுத்திருக்கலாம். பெண்கள் உடையில் பிரெஞ்சு அளவு 38 என்பது ஜெர்மனியில் 36, இத்தாலியில் 42, இங்கிலாந்தில் 10. கடையில் இத்தாலிய உடையும் கலந்து தொங்கும், அதனால் எந்த நாட்டு எண் என்று பார்த்துப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று முக்கியம். கடைக்குள் நேரில் வாங்கிய பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை பிரான்ஸில் கிடையாது. 14 நாள் உரிமை இணையம், தொலைபேசி போலக் கடைக்கு வெளியே வாங்கியதற்குத்தான். கடைக்காரர் மாற்றித் தந்தால் அது அவர் தரும் சலுகை. பொருளில் குறை இருந்தால் மட்டும் கதை வேறு. தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும் அதற்கு அவர் பொறுப்பு.

லாச்சப்பல்வாசி:

தமிழ்ச் சாமான் எண்டால் லா சப்பல்தான். சார்ள் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். பி தொடருந்து நேரே கார் து நோர்ட் வரும். அங்கே இறங்கி ஃபோபூர் சன் தெனி வீதியில் வடக்குப் பக்கமாக நடந்தால் கடைகள் தொடங்கும். குறுக்கே காய் வீதி, பெர்தொனே வீதி. மெட்ரோ 2இல வாறவை லா சப்பல் நிலையத்தில இறங்கலாம். பாரமான பைகளோட நிக்கிறவை கவனியுங்கோ: கார் து நோர்டுக்கும் லா சப்பலுக்கும் நடுவில நிலத்துக்குக் கீழ இணைப்புப் பாதை இருக்கு. வெளியால ஏறி இறங்கத் தேவையில்லை.

கறிவேப்பிலையைக் கட்டிய பொலித்தீன் பையோட எடுக்கிறதெண்டால் பையின்ர உள்பக்கத்தைப் பாருங்கோ. தண்ணி கோத்திருந்தால் ரெண்டு நாளில இலை கறுத்திடும். காம்போட, காய்ஞ்சபடி இருக்கிறதை எடுத்துத் துணியில சுத்திக் குளிர்பெட்டிக்குள்ள வையுங்கோ. முருங்கைக்காயை இலேசா வளைச்சுப் பார்த்தால் முத்தலா பிஞ்சா எண்டு தெரிஞ்சிடும். விலைப்பலகையில கிலோ விலையோ ஒரு பொருளுக்கான விலையோ எண்டதை வாசியுங்கோ; வாழைப்பூ, தேங்காய் எல்லாம் எண்ணிக்கைக் கணக்கு. தேங்காயைக் காதடியில ஆட்டிப் பார்க்க மறக்காதேங்கோ. கனதூரம் கப்பலில வாற காய், தண்ணி வத்தினது அதிகம்.

ஆனால் எல்லா மரக்கறியையும் லா சப்பலிலயே வாங்கத் தேவையில்லை. புதன், சனி காலையில பார்பேஸ் சந்தை. மெட்ரோ 2 பாலத்தில மேலால ஓட, அதுக்குக் கீழயே கடை விரிச்சிருப்பினம். கொத்தமல்லி, புதினா, தக்காளி, கத்தரிக்காய் அங்கே மலிவு. நெருக்கம் அதிகம், கைப்பேசியைப் பின் பொக்கற்றில வைக்காதேங்கோ.

ஓகஸ்ட் கடைசியில மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வாற ஞாயிறு, வீதி முழுக்கச் சனம். சாமான் வாங்கிற நாள் அது இல்லை. கும்பிட வாங்கோ, கடைக்கு வேறொரு நாள் வாங்கோ.

காரைக்கால்:

லாச்சப்பல்வாசி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கறிவேப்பிலை, மாம்பழம், நெய், பால்கோவா எல்லாம் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணி கொண்டுவரக் கூடாது. 2019 டிசம்பரிலிருந்து பழம், காய், இலை என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் மட்டும் விலக்கு. சுங்கத்தில் பிடித்தால் குப்பைத் தொட்டிதான். லா சப்பல் இருக்கும்போது எதற்கு இந்தச் சிரமம்?

லண்டன் உறவுகளுக்கும் ஒரு சேதி. 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாட்டு, ஆட்டு, பன்றி இறைச்சியும் பால் பொருளும் சொந்த உபயோகத்துக்குக்கூட பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது. பாரிஸில் வாங்கிய சீஸும் வெண்ணெயும் யூரோஸ்டாரில் போக முடியாது. வாங்கினால் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

சைவக்காரர்கள் சீஸ் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். கோந்தே போன்ற பாரம்பரிய வகைகளில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்று நொதியைத்தான் சேர்க்கிறார்கள்.

லாச்சப்பல்வாசி:

நகை கேட்டு உள்பெட்டிக்கு எழுதினவைக்கு இங்கயே சொல்லுறன். பிரெஞ்சு நகைக்கடையில பொதுவா 18 கரட், 750 எண்டு அடிச்சிருக்கும். லா சப்பலில 22 கரட், 916. 3 கிராமுக்கு மேற்பட்ட தங்க நகைக்கு முத்திரை கட்டாயம். கடைக்காரரிட்ட உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு முத்திரையைப் பாருங்கோ, அவை கோவிக்க மாட்டினம். கூலியையும் தங்க விலையையும் பற்றுச்சீட்டில பிரிச்சு எழுதச் சொல்லுங்கோ, பிறகு மாத்தேக்க உதவும். காசு எண்ணிக் குடுக்கிறதுக்கும் உச்சவரம்பு இருக்கு: பிரான்ஸில வரி கட்டுற ஆக்கள் கடையில 1,000 யூரோ வரைதான் ரொக்கமாகக் குடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வாற பயணிக்கு 15,000 வரை.

ஊசிநூல்:

துணிக்கு மோன்மார்த்தர் குன்றின் அடிவாரம். மெட்ரோ 2இல் ஆன்வேர் நிறுத்தத்தில் இறங்கி, சக்ரே கேர் குன்றுக்கு ஏறும் வழியில் வலப்பக்கம் திரும்பினால் மார்ஷே சன் பியேர். பல தளம் துணி. எதிரே ரேன் என்ற இன்னொரு துணிக்கடை. சுற்றிலும் 'கூப்போன்' கடைகள், அதாவது ஏற்கெனவே வெட்டி மடித்த துண்டுகள், பெரும்பாலும் 3 மீட்டர். ஞாயிறு போகாதீர்கள், மூடியிருக்கும்.

மார்ஷே சன் பியேரில் விற்பனையாளர் கையில் மர மீட்டர்கோலோடு நிற்பார். நீங்களாக உருளையை இழுக்கக் கூடாது. அவரைக் கூப்பிட்டு எத்தனை மீட்டர் என்று சொன்னால் வெட்டி, சீட்டு எழுதித் தருவார். சீட்டோடு காசுமேடைக்குப் போய்க் கட்ட வேண்டும். வெட்டிய துணி திரும்பாது. வெட்டும் முன் அகலத்தைக் கேளுங்கள்: 140 செ.மீ. அகலத் துணியில் முழங்கால் வரை வரும் குர்த்தாவும் கைகளும் தைக்க 2.2 மீட்டர் போதும். 110 செ.மீ. பருத்தித் துணி என்றால் ஏறக்குறைய அரை மீட்டர் கூடுதலாக வேண்டும். பருத்தியும் லினனும் முதல் அலசலில் சுருங்கும், அதற்கென்று நூற்றுக்கு ஐந்து சேர்த்து வாங்குங்கள். சாயத்தை வெள்ளைக் கைக்குட்டையின் ஈர ஓரத்தால் தேய்த்துப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

கூப்போன் மலிவு, உண்மைதான். ஆனால் விரித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். மடிப்புக் கோட்டில் வெளுத்திருக்கும், நடுவில் நெசவுக் குறை இருக்கும். அதனால்தான் விலை குறைந்திருக்கிறது.

அடுப்படி:

சமையல் பாத்திரம் வாங்குகிறவர்களுக்கு லே ஆல் வட்டாரம். நகரத்தின் மொத்தச் சந்தை 1969இல் ருன்ஜிஸுக்குப் போய்விட்டது. அந்தச் சந்தையை நம்பி வந்த பாத்திரக் கடைகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன. கோகியேர் வீதியில் 1820இல் தொடங்கிய தெயெரன் இருக்கிறது. பக்கத்திலேயே மோன்மார்த்தர் வீதியில் மோரா. தொழில்முறைச் சமையல்காரர்கள் வாங்கும் இடம், ஆனால் யாரும் போகலாம். விலைச்சீட்டில் எச்.டி. (HT) என்று இரண்டு எழுத்து இருந்தால் வரி சேராத விலை. டி.டி.சி. (TTC) என்று மூன்று எழுத்து இருந்தால்தான் நாம் கட்டப்போகும் தொகை. வித்தியாசம் 20 சதவீதம். பெரிய பாத்திரத்தில் அது பெரிய தொகை.

செம்புச் சட்டி ஆசை பலருக்கு உண்டு. கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பரிமாற மட்டும் எடுங்கள். 2 முதல் 2.5 வரை இருந்தால் சமைக்கலாம். உள்ளே ஈயப்பூச்சா எஃகுப்பூச்சா என்று கேளுங்கள். நம் வீட்டுப் பாத்திரத்துக்குப் பூசுகிற அதே வெள்ளீயம்தான், 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் சட்டியைத் தீயில் வைத்துத் தாளிக்கக் காத்திருந்தால் பூச்சு திரண்டுவிடும். நம் சமையலுக்கு எஃகுப்பூச்சுதான் சரி. தூண்டல் அடுப்பில் செம்பு வேலை செய்யாது. பிடி வார்ப்பிரும்பில் இருந்தால் சூடேறும், துணி பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

பக்கத்தில் திக்தோன் வீதியில் ஜே. தெத்தூ. சாக்லேட், பாதாம், பிஸ்தா, வனிலா எல்லாம் கிலோக் கணக்கில். தொழில்முறை சாக்லேட் 3 கிலோப் பையாகவும் வரும். கோடையில் வாங்கினால் விமானத்துக்கு முந்தின நாள் வாங்குங்கள். உருகி உறைந்தால் மேலே வெள்ளை பூக்கும். கெட்டுப்போகாது, ஆனால் பளபளப்பும் முறிகிற சத்தமும் போய்விடும்.

ரொட்டிக்கு ஒரே விதி: 'த்ரதிசியோன்' என்று சொல்லி வாங்குங்கள். 1993 அரசாணைப்படி அந்தப் பெயரில் விற்கும் ரொட்டியை உறைய வைக்கக் கூடாது, சேர்பொருள் (additive) எதுவும் போடக் கூடாது. 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் (நீளக் குச்சி ரொட்டி) பரிசு பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. அந்தப் பரிசு பெறுகிறவர் ஓராண்டு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். அவருடைய கடை இருபதாம் வட்டாரம், பிரெனே வீதியில்.

காரைக்கால்:

பழைய பொருள் சந்தை பற்றிச் சுருக்கமாக. சன் துவான் சந்தை சனி, ஞாயிறு, திங்களில் நடக்கும். மெட்ரோ 4இல் போர்த் து கிளினியான்கூரில் இறங்கினால் உண்மைச் சந்தைக்கு முன்னே, சுற்றுச்சாலைப் பாலத்தடியில் போலிக் கடிகாரமும் காலணியும் விரித்திருப்பார்கள். நிற்காமல் கடந்து ரோசியே வீதிக்குப் போங்கள். போலிப் பொருளை வைத்திருப்பவருக்கும் சுங்க அபராதம் உண்டு. சின்னச் சின்னப் பொருளுக்குச் சனி, ஞாயிறு காலை வான்வ் சந்தை மேல்.

பற்றுச்சீட்டு:

கடைசியில், வாங்கிய பொருளுக்குக் கட்டிய விற்பனை வரியைத் திரும்பப் பெறுவது. ஒன்றியத்துக்கு வெளியே குடியிருக்கும் 16 வயது நிரம்பியவர்கள், ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்குகிறவர்கள் மட்டும் கேட்கலாம். கடவுச்சீட்டு இந்தியாவுடையதாக இருந்தாலும் பிரான்ஸில் வதிவிட அட்டை இருந்தால் கிடையாது. பிரெக்சிட்டுக்குப் பிறகு லண்டன்காரர்களும் கேட்கலாம்.

ஒரே கடையில் மூன்று நாளுக்குள் வாங்கியது வரியோடு 100 யூரோவைத் தாண்டியிருக்க வேண்டும். பணம் கட்டும் முன்பே 'தெதாக்ஸ்' என்று சொல்லிக் கடவுச்சீட்டைக் காட்டுங்கள். எல்லாக் கடையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வரி 20 சதவீதம் என்றாலும் கைக்கு வருவது பெரும்பாலும் விலையில் 12 சதவீதத்தை ஒட்டித்தான். மிச்சம் இடையில் இருக்கும் நிறுவனத்துக்கு.

2023 ஆகஸ்டிலிருந்து கடைகளில் பற்றுச்சீட்டு தானாக அச்சாகாது. கேட்டு வாங்குங்கள்.

விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும் முன் 'பாப்லோ' இயந்திரத்தைத் தேடுங்கள். படிவத்தின் பட்டைக்கோட்டைக் காட்டினால் பச்சைத் திரை வரும், வேலை முடிந்தது. சிவப்பு வந்தால் சுங்க மேடைக்குப் போய்ப் பொருளைக் காட்ட வேண்டும். பெட்டி உள்ளே போய்விட்டால் காட்ட எதுவும் இருக்காது, பணமும் போச்சு. நகருக்குள்ளேயே முன்பணமாக வாங்கிக்கொண்டவர்களும் இதைச் செய்தே ஆக வேண்டும். தவறினால் கடன் அட்டையிலிருந்து அந்தத் தொகையைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். வாங்கிய மாதம் போக அடுத்த மூன்று மாதம் முடிவதற்குள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும்.

அடுப்படி:

தெயெரனில் கத்தி வாங்குகிறவர்கள் அதைப் பெரிய பெட்டியின் மேலடுக்கில் வையுங்கள். சிவப்புத் திரை வந்தால் எடுத்துக் காட்டிவிட்டுப் பெட்டியை மூடிக் கொடுக்கலாம். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.