நகரத் தேர்தலில் முற்போக்காளர்கள் ஏன் அக்கறை காட்டுவதில்லை?

கேள்வி: நாடாளுமன்றத் தேர்தல் என்றால் இரவெல்லாம் விவாதிக்கிறோம், ஆனால் குப்பை, குடிநீர், பேருந்து, வீட்டு வாடகை எல்லாவற்றையும் பெரும்பாலும் தொடுகிற நகர மன்றத் தேர்தலில் பாதிப் பேர் வாக்களிக்கவே போவதில்லை. இதை மாற்ற எங்காவது உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறார்களா?

பதில் 1: பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயைப் பாருங்கள். தொழிலாளர் கட்சி மேயர் பதவிக்கு வந்ததும் 1989இல் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கினார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை, எங்கே சாலை என்று பகுதி மக்களே கூட்டம் போட்டு முன்னுரிமை சொன்னார்கள், ஏழைப் பகுதிகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிற கணக்கும் அதில் உண்டு. பிறகு ஆட்சி மாறியது, மெல்ல வலுவிழந்து 2017இல் நிறுத்தி வைத்தார்கள்.

பதில் 2: கூட்டமெல்லாம் சரி, மாலை வேலை முடித்து வருகிறவர் எங்கே போவார்? ஓய்வு பெற்றவர்களும் கட்சிக்காரர்களும்தான் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் சியாட்டில் வழி. 2015இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்தது: நகர நிர்வாகமே ஆளுக்கு நான்கு சீட்டுகள் தரும், ஒவ்வொன்றும் 25 டாலர் மதிப்பு, அவற்றை நகரத் தேர்தலில் பிடித்த வேட்பாளருக்குப் பிரச்சார நிதியாகக் கொடுக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவரையும் வேட்பாளர் தேடி வந்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்: அந்தச் சீட்டுக்கான பணம் எங்கிருந்து?

பதில் 2: சொத்து வரியிலிருந்து. அதனால்தான் அத்தனை எதிர்ப்பு, வழக்கு வரைக்கும் போனது :)