12 மணி நேர ஷிப்டில் உடற்பயிற்சியை எங்கே நுழைப்பது?

ஹாங்கர்கதவு:
போர் விமானப் பராமரிப்புப் பிரிவு. 12 மணி நேர ஷிப்ட், வாரம் 5 நாள். பறப்பு கூடினால் ஆறாவது நாளும். மாதாமாதம் பகலும் இரவும் மாறும். 8 வாரத்தில் உடற்தகுதித் தேர்வு: ஓட்டம், புஷ்-அப், சிட்-அப். ஷிப்ட் முடிந்து ஓடச் சொன்னால் ஆட்களுக்குக் கால் நகரவில்லை. ஷிப்டுக்கு முன் வைத்தால் தூக்கம் போகிறது. விமானிகளுக்கும் ஒரே அட்டவணை போடலாமா?

முறுக்குவிசை:
அளவைக் குறைங்க, தீவிரத்தைக் குறைக்காதீங்க. ஏற்கெனவே சேர்த்த வலிமை, வழக்கமான செட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு செய்தாலே பல வாரம் நிற்கும். தூக்கும் எடை மட்டும் இறங்கக் கூடாது.

வாரம் 3 முறை, 35 நிமிடம் போதும். முதல் நாள்: ஸ்குவாட் 3 செட் 5 தடவை, ரோயிங் (குனிந்து நின்று எடையை வயிற்றை நோக்கி இழுப்பது) 3 செட் 8, பிறகு புஷ்-அப் 4 செட். புஷ்-அப்பில் ஒவ்வொரு செட்டும் உங்க அதிகபட்சத்தில் 60 சதவீதம், நடுவில் 1 நிமிட ஓய்வு. இரண்டாம் நாள்: தேர்வில் ஓட வேண்டிய வேகத்தில் 400 மீட்டர், 6 தடவை, இடையில் 90 விநாடி நடை. மூன்றாம் நாள்: பேச முடிகிற வேகத்தில் 25 நிமிட ஓட்டம், கடைசியில் சிட்-அப்.

ரோயிங்கை விட்டுடாதீங்க. நாள் முழுக்க பேனலுக்குள் குனிந்து கை நீட்டுகிற வேலைக்கு முதுகுதான் முதலில் பேசும்.

பெரும்பாலும் கெடுவது எங்கே தெரியுமா? 6 வாரம் சும்மா இருந்துவிட்டு, கடைசி 2 வாரம் தினமும் ஓடுவார்கள். பாதுகாப்பு பூட்ஸில் கான்கிரீட் மேல் 12 மணி நேரம் நின்ற கால் ஏற்கெனவே சுமை வாங்கியிருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும், சிலருக்கு எலும்பில் விரிசலே விழும்.

இரவுப்பணி:
இரவு ஷிப்ட் மாதத்தில் தூங்கி எழுந்த பிறகு, ஷிப்டுக்கு முன் பயிற்சி. காலையில் முடித்துப் போகிறவர்களுக்கு 10 நிமிட நடை, அதற்கு மேல் வேண்டாம். 7 மணி நேரத் தூக்கத்தில் கை வைத்தால் அந்தக் களைப்பு ஸ்பேனர் பிடிக்கிற கையில்தான் தெரியும். பிளவு ஊசி (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) போடாமல் விட்டுப் போவது அப்படித்தான். 6 நாள் வாரம் வந்தால் 2 பயிற்சியோடு நிறுத்துங்க. அதிகாலை 3 மணிக் காபியில் பாதி 8 மணிக்கும் உடம்பில் இருக்கும் என்பதையும் சொல்லி வையுங்க.

வெயிலில் ஷிப்ட் முடித்தவர்களைத் தண்டனை மாதிரி 'முடியாத வரை' சர்க்யூட் (ஓய்வில்லாமல் அடுத்தடுத்துப் பல பயிற்சிகள்) செய்ய வைப்பது ஆபத்து. தசை வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று அர்த்தம்; சிறுநீரகம் பாதிக்கும். உடனே மருத்துவரிடம் அனுப்புங்க.

காக்பிட்பக்கம்:
விமானிகளுக்குத் தனி அட்டவணைதான். நெடுந்தூர ஓட்டம் மட்டும் ஜி (விமானம் வேகமாகத் திரும்பும்போது உடல் எடையைப் பல மடங்காக்கும் விசை) தாங்க உதவாது. ஜி ஏறும்போது ரத்தம் கீழே இறங்காமல் தொடை, பிட்டம், வயிற்றை இறுக்கிப் பிடித்து, சுமார் 3 விநாடிக்கு ஒருமுறை மூச்சை மாற்ற வேண்டும். அதற்குக் கால் வலிமை வேண்டும். ஆனால் கனமான கால் பயிற்சியைப் பறப்புக்கு முந்தைய நாள் வைக்காதீர்கள். தசை வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். இறுக்கும் நேரத்தில் கால் ஒத்துழைக்காது.

கழுத்தை யாரும் கவனிப்பதில்லை. 2 கிலோ ஹெல்மெட் 7 ஜியில் 14 கிலோ, தலையின் கனம் தனி. தலையைக் கையால் தடுத்து, கையை எதிர்த்துத் தலையால் தள்ளி, நான்கு திசையிலும் 8 விநாடி, 3 தடவை, வாரம் 2 நாள். உடம்பில் நீர் குறைந்தால் இவ்வளவும் வீண்.

பணிப்பலகை:
'நேரம் கிடைத்தால்' என்றால் கிடைக்காது. பறப்பு அட்டவணை எழுதும் அதே பலகையில் பயிற்சிக்கும் ஒரு வரி போடுங்கள். விமானங்கள் கிளம்பியதும், திரும்புவதற்குள் கிடைக்கும் இடைவெளிதான் சரியான இடம். ஆட்களை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு குழு 40 நிமிடப் பயிற்சி, 15 நிமிடக் குளியல், மற்றது கோளாறோடு திரும்பும் விமானத்துக்காக லைனில் (விமானங்கள் நிற்கும் தளத்தில்) இருக்கும். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். பயிற்சிக்குக் கிளம்பும் முன் கருவிப்பெட்டி எண்ணி ஒப்படைக்கப்பட வேண்டும், பாதியில் நிற்கும் வேலை பதிவேட்டில் ஏற வேண்டும். எஞ்சின் மாற்றும் நாளில் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

ஹாங்கர்கதவு:
ஏவியானிக்ஸில் (விமான மின்னணுக் கருவிப் பிரிவு) 3 பேர்தான். பிரித்தால் ஒரு பக்கம் ஒருவர் மட்டும்.

பணிப்பலகை:
இருவரை லைனில் வைத்து, ஒருவரை மற்ற பிரிவின் குழுவோடு அனுப்புங்கள். வாரம் 6 பறப்பு நாளில் ஒவ்வொருவருக்கும் 2 முறை வரும். மூன்றாவதை விடுமுறை நாளில் மெதுவான ஓட்டமாக அவரே முடிக்கட்டும்.