பொருள்: மின்குப்பைமேடா, பிரிகளமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்கழிவுக்கு, அதாவது தூக்கியெறியப்பட்ட மின், மின்னணுப் பொருள்களுக்கு, நடுவே வேலை செய்பவர்களைப் பற்றிய ஆவணப் புகைப்படங்களுக்குப் படக்குறிப்பு எழுதும்போது, அந்த இடத்தை எப்படிக் குறிப்பது? "மின்குப்பைமேடு", "மின்கழிவுக் கிடங்கு" ஆகிய இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கானாவின் தலைநகர் அக்ராவில், அக்போக்ளோஷி என்ற பகுதியில் இருந்த மின்கழிவு பிரிக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கக் கலைஞர் பீட்டர் ஹ்யூகோ அங்கே எடுத்து 2011-இல் நூலாக வெளியிட்ட படங்களில், இளைஞர்கள் புகைமூட்டத்தின் நடுவே நின்று நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். அதன் கீழே "குப்பைமேடு" என்று எழுதினால் குப்பையோடு குப்பையாக அவர்களையும் சேர்த்துவிடுகிறோம். அங்கே நடந்தது வேலை. உளியாலும் சுத்தியலாலும் கணினிப் பெட்டியைப் பிளப்பார்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துப் போவார்கள். சாம்பலில் கிடக்கும் இரும்புத் துணுக்குகள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். செம்பு தராசில் ஏறி விலை போகும். இப்படிப் பொருள்கள் கைமாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்குக் கிடங்கு என்ற பெயரும் ஒட்டாது.

என் பரிந்துரை "பிரிகளம்". நெல்லையும் பதரையும் பிரிக்கும் இடத்தைக் களம் என்றுதானே சொல்கிறோம்? சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. அங்கு உழைப்பவர் பிரிகளத் தொழிலாளர்.

இந்தச் சொல் நஞ்சை மறைத்துவிடும் என்பது நியாயமான கவலை. டயரையும் குளிர்பெட்டி நுரையையும் எரிபொருளாக்கிக் கம்பிகளைக் கொளுத்துகிறார்கள். கம்பியின் பிவிசி நெகிழி உறை எரியும்போது டையாக்சின் என்ற நச்சுப்பொருள் வெளியாகிறது. ஆனால் அது களத்தின் ஒரு மூலையில் நடக்கும் ஒரு வேலை. அதற்குக் "கம்பி எரிப்பு" என்று தனிச்சொல் வைத்து, படக்குறிப்பில் நஞ்சின் பெயரையும் வெளிப்படையாக எழுத வேண்டும். புகை படத்தில் எடுப்பாக விழுகிறது என்பதற்காகக் களம் முழுவதையும் புகையாகக் காட்டுவது அநீதி.

ஊர்ப்பெயரே போதும் என்ற வாதமும் நிற்காது. அக்போக்ளோஷியில் இருந்த களம் 2021 ஜூலையில் இடித்து அகற்றப்பட்டது. வேலையோ சுற்றுப்பகுதிகளுக்குச் சிதறித் தொடர்கிறது. 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. பிரிகளங்கள் பல நாடுகளில் இருக்கின்றன, பொதுப்பெயர் தேவை.

தள்ளுவண்டியில் பழைய பொருள்களைச் சேகரித்து வருபவருக்கும் தனிச்சொல் வேண்டும். "பொறுக்குபவர்" என்பதைத் தவிர்த்து யோசித்துச் சொல்லுங்கள்.