இறங்கிய கோடுகள், ஏறிய அலை

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காக நாலு மாதம் திருநெல்வேலி ரேடார் டேட்டாவோடு உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1992 கடைசியில் ஓடத் தொடங்கிய 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் அது. 68 முதல் 98 கிலோமீட்டர் உயரம் வரை காற்றின் வேகத்தைத் தரும். சுழலும் தட்டெல்லாம் கிடையாது. முக்கோணமாக நட்ட மூன்று ஆன்டெனாக்கள், மேலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியை வாங்கும். வயலில் மேக நிழல் ஓடும்போது ஒரு வரப்பு முதலில் இருண்டு, அப்புறம் அடுத்தது இருளும் இல்லையா? அந்த இடைவெளியை வைத்து நிழலின் வேகத்தைச் சொல்வது போலத்தான் இதுவும். எதிரொலிக் கோலம் தரையில் ஓடும் வேகத்தில் பாதி, மேலே வீசும் காற்றின் வேகம்.

நான் தேடியது ஈர்ப்பு அலைகளை. கருந்துளைகள் மோதி வருபவை அல்ல; இடிமேகமோ மலையோ மேலே தள்ளிய காற்று, கனத்தால் இறங்கி, மிதப்பால் எழுந்து ஆடுகிற ஆட்டம். பகலில் 94 கிலோமீட்டருக்கு மேல் கிடைத்த எண்களைச் சேர்க்கவில்லை. காந்த நடுக்கோடு பக்கத்திலேயே இருப்பதால் அங்கே ஓடும் மின்தாரை, அதாவது பலமான மின்னோட்டம், கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒரு ஏப்ரல் இரவின் டேட்டாவில் இருபது நிமிடம் முதல் இரண்டு மணி நேரம் வரையுள்ள ஆட்டங்களை மட்டும் பிரித்து வரைந்தேன். 94 கிலோமீட்டரில் சிவப்பாக அலையின் முகடு, அரை மணி கழித்து 90-இல், அப்புறம் 86-இல். கோடு கோடாகச் சாய்ந்து இறங்கியது. ‘அலை மேலிருந்து வருகிறது’ என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

சார் அதைப் பார்த்துவிட்டு, “கோடு இறங்கினால் ஆற்றல் ஏறுதுப்பா” என்றார். போர்டில் சாய்வாக நாலு கோடு போட்டு, கோடுகளைக் கீழ்நோக்கி நகர்த்திக் காட்டினார். பிறகு ஒரு கோட்டின் மேலேயே விரலை வைத்து மேல்நோக்கி இழுத்தார். முகடுகள் ஒரு பக்கம் நகர, ஆற்றல் முகட்டின் நீளத்திலேயே வழுக்கிப் போகிறது! எனக்கு உடம்பு சிலிர்த்தது. கீழே எங்கோ கிளம்பியது, காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடம்வரை வந்திருக்கிறது. அடர்த்தி குறையக் குறைய வீச்சு பெருகும். தாங்காதபோது உடைந்து, சுமந்துவந்த உந்தத்தை அங்குள்ள காற்றுக்கே கொடுத்துவிடும்.

சில இரவுகளில் கோடுகள் மேல்நோக்கியும் சாய்ந்திருந்தன. நான் நோட்டில் எழுதியது அந்த இரவுகளுக்குப் பொருந்தும்.