மருந்துக்கடைக் கமிஷன் வாங்கலாமா? விசுவாசிகள் கருத்துச் சொல்லுங்கள்

லாட்ஜ் மேசை, வேலூர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, கையில் ஃபைலும் தோளில் மூட்டையுமாக வந்து சேருவார்கள். தமிழ் தெரியாது. மீன் குழம்புச் சாப்பாடு எங்கே, சிம் கார்டு எங்கே, மாத்திரை எங்கே என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள்.

போன வாரம் ஒரு மருந்துக்கடையிலிருந்து ஆள் வந்தார். கடைப் பெயர் அச்சடித்த சீட்டுக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் என் பெயரின் முதல் எழுத்தைப் பச்சை மையில் எழுதியே கொண்டுவந்திருந்தார். அந்தச் சீட்டோடு யார் போனாலும் பில் தொகையில் எனக்கு ஒரு பங்கு. மாதக் கடைசியில் கவரில் வந்துவிடுமாம். மற்ற இடங்களில் வாங்குகிறார்கள் என்றும் சொன்னார். கட்டை இன்னும் பிரிக்கவில்லை, இழுப்பறையில் கிடக்கிறது.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நர்சிங் சேர ஆசைப்படுகிறாள். பணம் தேவைதான். கடைக்காரர் தன் லாபத்திலிருந்துதானே தருகிறார், நோயாளிக்கு என்ன நஷ்டம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அதற்கு முன் தெளிவு வேண்டும். வசனத்தோடு சொன்னால் நல்லது, அனுபவத்தோடு சொன்னால் இன்னும் நல்லது.

ஆற்காடு அரிசி மில்

அண்ணா, இதில் பாவம் எங்கே இருக்கிறது? வீட்டுத் தரகர் வாங்குகிறார், நெல் மண்டியில் வாங்குகிறார்கள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று லூக்கா 10:7 சொல்கிறது. கடை நல்ல கடைதானா, மருந்து நல்ல மருந்துதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், போதும். பிள்ளையின் படிப்பு முக்கியம்.

காட்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, மண்டியில் தரகு எவ்வளவு என்று விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். உங்கள் சீட்டில் இருக்கிற பச்சை எழுத்து எதற்கென்று அந்த நோயாளிக்குத் தெரியுமா? தெரிந்தால் அந்தக் கடைக்குப் போவாரா?

வசனம் கேட்டீர்கள். 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை இன்று குடும்ப ஜெபத்தில் முழுவதுமாக வாசியுங்கள். நாகமான் வேற்று தேசத்தான். சீரியாவிலிருந்து வியாதியோடு வந்து சுகமடைகிறான். சுகத்துக்கு வழி சொன்ன எலிசா தீர்க்கதரிசி காணிக்கையைத் தொடவே மறுத்துவிடுகிறார். வேலைக்காரன் கேயாசிதான் பின்னால் ஓடி, எஜமான் கேட்டதாகப் பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வாங்கிக்கொண்டு வருகிறான். நாகமான் சந்தோஷமாகத்தான் கொடுத்தான். அவனுக்கும் ஒரு நஷ்டமும் இல்லை!

பிரசங்கங்களில் கேயாசிக்கு வந்த குஷ்டத்தைப் பற்றியே பேசுவார்கள். என்னை உலுக்குவது அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. வெள்ளியை வீட்டில் வைத்துவிட்டு வந்து எஜமான் முன் நிற்கிறான். எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டால், எங்கும் போகவில்லை என்கிறான். யாரிடமும் சொல்ல முடியாத வருமானம் அது. உங்கள் மாதக் கடைசிக் கவரை அந்த நோயாளியின் எதிரில் பிரிக்க முடியுமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று. இவர்கள் ஏன் அவ்வளவு தூரம் ரயிலில் நம் ஊரைத் தேடி வருகிறார்கள்? ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் இது. ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய என்ற மாற்கு 10:45 தான் அந்த ஆஸ்பத்திரியின் குறிக்கோள். வேலூருக்குப் போனால் ஏமாற்ற மாட்டார்கள் என்று வங்காளத்து மால்டாவில் ஒரு விவசாயி நினைக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பலர் உழைத்த உழைப்பு இருக்கிறது. அந்த நம்பிக்கையோடுதான் உங்களிடம் கடைக்கு வழி கேட்கிறார். கடைக்காரர் விலை பேசுவது அந்த நம்பிக்கைக்கு. உங்கள் உழைப்புக்கு அல்ல.

மகளின் கட்டணத்துக்குச் சபைச் சேகரத்தில் கல்வி உதவி உண்டா என்று போதகர் ஐயரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ராணிப்பேட்டை அக்கா

தம்பியின் வைத்தியத்துக்காக மும்பையில் தங்கியிருந்தோம். எங்களுக்கு இந்தி வராது. லாட்ஜ் பையன் காட்டிய கடையிலேயே மருந்து வாங்கினோம். அதே மாத்திரை, அதே கம்பெனி, அடுத்த தெருவில் விலை குறைவு என்று ஊருக்குத் திரும்பும் சமயத்தில்தான் தெரிந்தது. போன பணத்தை மறந்துவிட்டேன். ஆனால் அந்தப் பையன் தினமும் காலையில் படிக்கட்டில் நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, தம்பி எப்படி இருக்கிறார் என்று சைகையில் விசாரிப்பான். அந்த விசாரிப்புதான் ஆறுதலாக இருந்தது. அது உண்மையா, கடைக்காகவா என்று இன்றுவரை தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

லாட்ஜ் மேசை, வேலூர்

ஐயா, அக்கா, ஆற்காட்டுத் தம்பி, எல்லோருக்கும் நன்றி. சீட்டுக் கட்டை இன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அந்த ஆள். யோசித்துவிட்டேன் என்றேன்.

அக்கா எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அந்த விசாரிப்புதான். போன தை மாதம் முர்ஷிதாபாத் பெரியவர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது, செய்தித்தாளில் சுற்றிய ஈச்ச வெல்லத்தை என் கையில் வைத்தார். லேசான புகை வாசனை, நம் பனை வெல்லத்தைவிட மெதுவான இனிப்பு. வீட்டில் ஆப்பத்துக்குத் தொட்டுச் சாப்பிட்டோம். மகள் கிண்ணத்தை வழித்தெடுத்தாள். கமிஷன் வாங்கிக்கொண்டிருந்தால் அதை எந்த முகத்தோடு கை நீட்டி வாங்கியிருப்பேன்?

ஐயரை ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பார்க்கிறேன். இப்போது ஒரு உதவி வேண்டும். ஆஸ்பத்திரியின் சொந்த மருந்தகம், மக்கள் மருந்தகம், சுற்றிலும் உள்ள கடைகள் எல்லாவற்றையும் எழுதி, விலை விசாரித்து வாங்குங்கள் என்று மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டப்போகிறேன். முதலாளி சம்மதித்துவிட்டார். இந்தியில் எழுத ஆள் இருக்கிறது. வங்காளம் எழுதத் தெரிந்தவர் யாராவது உண்டா?

ஆற்காடு அரிசி மில்

தரகு என்றாலே தப்பு என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை அண்ணா. நோயாளிக்குச் சொல்லாமல் வாங்குவது வேறு என்று ஐயா சொன்னது நியாயம். எங்கள் மில்லில் வங்காளப் பையன்கள் வேலை செய்கிறார்கள், ஒருவன் அழகாக எழுதுவான். தாளில் என்ன வர வேண்டும் என்று தமிழில் அனுப்புங்கள், சனிக்கிழமைக்குள் எழுதி வாங்கித் தருகிறேன்.