திருகோணமலையில் கொடுவாவும் விராலும்: எந்தக் காற்றுக்கு எந்தச் செயற்கை இரை?

உப்புவெளிக் கரை எழுதியது:

வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கிறேன். இதுவரை தங்கூசியில் (நைலோன் நூலில்) இறால் கோத்துக் கரையிலிருந்து தூண்டில் போட்டு வந்தேன்; இப்போது தடி, ரீல், செயற்கை இரை என்ற முறைக்கு மாற விரும்புகிறேன். இதைப் பற்றித் தேடும்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவின் பெருவாய் பாஸ் மீனுக்காக எழுதப்பட்டவையாக இருக்கின்றன. இளவேனிலில் நீர் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போது மீன் கூடு கட்ட ஆழமற்ற கரைக்கு வரும், கோடையில் ஆழத்துக்கு இறங்கும், இலையுதிர் காலத்தில் சிறுமீன் கூட்டங்களைத் துரத்தும், குளிர்காலத்தில் அசையாமல் கிடக்கும் என்று ஆண்டை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இரைகளை அவை சொல்கின்றன. நமது கடல் நீரோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 26 முதல் 30 பாகைக்குள்தான் நிற்கிறது. அப்படியானால் இங்கு பருவத்துக்கேற்ப இரையை மாற்ற வேண்டிய தேவை உண்டா?

நான் போகும் இடங்கள் கிண்ணியாவும் இறக்கக்கண்டிக் களப்பும். எப்போதாவது கந்தளாய்க் குளம். முதன்மையாகக் கொடுவாவைத்தான் நாடுகிறேன். ஒரு தடி, ஒரு ரீல், ஆறேழு இரைகள் ஆகியவற்றுக்கு மேல் வாங்க இப்போது வசதியில்லை. எவற்றை வாங்கலாம்?

மூதூர் முகத்துவாரம் எழுதியது:

தம்பி, அந்த வழிகாட்டிகளை ஒதுக்கிவிட வேண்டாம். அவை நீரின் வெப்பத்தைப் பற்றிச் சொல்லும் இடங்களிலெல்லாம் நமது காற்றையும் ஆற்று நீரையும் வைத்துப் படித்தால் பயன்படும். குளிர்நாட்டு நீர் குளிரும்போது பாஸ் மீனின் உடலும் குளிர்ந்து, செரிமானம் மந்தமாகி, துரத்தும் விருப்பம் குறைகிறது. அதனால்தான் குளிர்காலத்துக்கு மெதுவான இரை. நம்மிடம் அந்தக் காரணம் இல்லை. இங்கு மாறுபவை நீரின் கலங்கல், உப்பு, மட்டம் ஆகிய மூன்றுமே. இவற்றை மாற்றுவது மழையும் காற்றும்.

ஐப்பசியில் பிற்பகல் இடிமழை தொடங்கியதும் களப்புகள் நிரம்புகின்றன. கோடையில் மணல் மூடிக் கிடந்த சிறு முகத்துவாரங்கள் உடைந்தோ வெட்டப்பட்டோ கடலுக்குத் திறக்கின்றன. என் கணக்கில் ஆண்டின் மிகச் சிறந்த நாட்கள் அவைதாம். களப்பில் வளர்ந்த இறாலும் மணலைக் குஞ்சும் நீரோடு அடித்துச் செல்லப்பட, பழுப்பு நீரும் பச்சை நீரும் சந்திக்கும் கோட்டில், ஓட்டம் சற்றுத் தணியும் இடத்தில் கொடுவா காத்து நிற்கும். கலங்கிய நீரில் அது கண்ணைவிடப் பக்கக்கோட்டை, அதாவது அதிர்வை உணரும் உறுப்பையே நம்புகிறது. ஆகவே அகன்ற துடுப்பு வால் கொண்ட 4 அல்லது 5 அங்குல றப்பர் மீனை, 14 முதல் 20 கிராம் வரையான ஈயத் தலைக் கொக்கியில் கோத்து, ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாக எறிந்து, அது அடியைத் தொட்டுத் தொட்டு உருண்டு வரும்படி விட வேண்டும். சுற்றும் வேகத்தை ஓட்டமே தீர்மானிக்கட்டும். நூல் தளராமல் இருந்தால் போதும். நிறம் கறுப்பாகவோ பொன்னிறமாகவோ இருக்கலாம்.

மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்று முற்றும்போது திறந்த கரைகளை விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் மகாவலி கொட்டியாரக்குடாவுக்குள் செம்மண் நிறத்தில் இறங்கும். மரக்கட்டையும் ஆற்றுவாழையும் இரையில் சிக்கிக்கொண்டே இருக்கும். உட்புறக் களப்புகளின் கண்டல் வேர்களை அண்டி, அதே றப்பர் மீனைப் புல்லில் சிக்காத கொக்கியில் போடலாம். ஆற்றோரத்தில் முதலைகள் உண்டு என்பதை மறந்து இடுப்பளவு நீரில் இறங்கி நிற்க வேண்டாம். கலங்கல் காலத்தில் அவை அருகில் வந்தாலும் தெரியாது.

மாசிக்குப் பின் வாடை ஓய்ந்து நீர் தெளியத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது மீன் இரையை நன்றாகப் பார்க்கிறது. தடித்த அசைவுகள் அதைக் கலைக்கும். 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய மினோவை, அதாவது சிறுமீன் வடிவக் கடின இரையை, சூடை அல்லது நெத்தலியின் வெள்ளி நிறத்தில் தேர்ந்தெடுத்து, இரண்டு இழுப்புக்குப் பின் முழுமையாக நிறுத்துங்கள். கொடுவா பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் கவ்வும். இழுப்பதைவிட நிறுத்துவதற்கே அதிகப் பொறுமை வேண்டும்.

வைகாசி முதல் புரட்டாசி வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் நமது கரை அமைதியாக இருக்கும். மேற்குக் கரையினர் வள்ளங்களைக் கரையேற்றும் காலம் நமக்குக் கடற்காலம். ஆனால் களப்பு நீர் வற்றி, உப்பேறி, பகலில் கொதிக்கும். விடியலுக்கு முன்பும், பொழுது சாய்ந்த பின்பும், இரவிலும் மட்டுமே கொடுவாவை எதிர்பார்க்கலாம். முழங்காலளவு நீரில் நீர்மேல் மிதந்து இடமும் வலமும் தலையசைக்கும் இரை இதற்குப் பொருத்தமானது. விளக்கு எரியும் இறங்குதுறைகளில் வெளிச்சமும் நிழலும் பிரியும் கோட்டைக் கவனியுங்கள். மீன் இருட்டுப் பக்கத்தில் நின்று வெளிச்சத்தில் வருவதை நோட்டமிடும். இரையை வெளிச்சத்தில் எறிந்து நிழலுக்குள் கொண்டு வர வேண்டும்.

துறைமுகத்தான் எழுதியது:

இரைகளைப் பற்றி மேலே போதிய அளவு சொல்லப்பட்டுவிட்டது. நான் தடி, நூல் ஆகியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரே தொகுதிதான் என்றால் 7 அடி முதல் ஏழரை அடி வரையான நடுத்தர வலுவுள்ள தடியும் 4000 அளவு ஸ்பின்னிங் ரீலும் போதும். பாஸ் மீனுக்காகச் செய்யப்படும் தடிகள் பல கொடுவாவுக்கும் தாங்கும். ஆனால் நன்னீரை மனத்தில் வைத்துச் செய்த ரீல்களின் உட்பகுதி உப்பு நீரில் விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே காசைத் தடியில் மிச்சம் பிடித்து ரீலில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் டிராக்கை (மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கத்தில் வெளியேறும் என்பதைச் சரிசெய்யும் திருகை) மெல்ல இறுக்கி, நன்னீரை மெதுவாகத் தெளித்துக் கழுவி, நிழலில் காய வைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

நூலுக்கு 20 முதல் 30 இறாத்தல் வரை இழுவை தாங்கும் பின்னல் நூல். அதன் முனையில் 40 இறாத்தல் தடித்த தங்கூசியை ஒரு மீற்றர் நீளத்துக்கு இணைக்க வேண்டும். கொடுவாவுக்கு வெட்டும் பற்கள் கிடையாது. ஆனால் அதன் வாய் அரம் போலச் சொரசொரப்பானது, செவுள் மூடியின் விளிம்போ கையையே கீறிவிடும். பின்னல் நூல் அங்கே ஒருமுறை உரசினாலே அறுந்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் தங்கூசியின் கடைசி ஒரு சாணை விரலால் தடவிப் பார்த்து, கரகரத்தால் வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள். இரையை இறுக்கமாக முடியாமல் சிறு வளையம் விட்டு முடிந்தால் மினோ தன் இயல்பான ஆட்டத்தை இழக்காது.

திறந்த கடலோரத்தில் அறுக்குளாவோ சீலாவோ திரியும் காலத்தில் இந்தத் தங்கூசியும் நிற்காது. ஒரு சாண் மெல்லிய கம்பி வேண்டும். ஆனால் அதே கம்பியோடு தெளிந்த களப்பில் கொடுவாவுக்கு எறிவதை நான் ஏற்கமாட்டேன். இரையின் ஆட்டத்தை அது கெடுத்துவிடுகிறது.

மலிவான மினோக்களின் உடல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றோடு வரும் மும்முனைக் கொக்கிகளும் இணைப்பு வளையங்களும்தான் பெரிய மீனின் உதறலில் விரிந்துவிடுகின்றன. வாங்கிய அன்றே வலுவானவற்றை மாற்றிப் பூட்டிவிட்டு, இரை முன்பு மிதந்தபடியே மிதக்கிறதா என்று வாளி நீரில் போட்டுப் பாருங்கள். கொக்கியின் எடை கூடினால் மிதக்கும் இரை மூழ்கத் தொடங்கும்.

இன்னொன்று: புறாத்தீவு தேசியப் பூங்கா. அங்கே மீன்பிடிக்க அனுமதி இல்லை. துறைமுகத்தின் கடற்படை எல்லைகளையும் விசாரித்தே செல்லுங்கள்.

கந்தளாய்க் குளக்கட்டு எழுதியது:

குளத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நீங்கள் படித்த பாஸ் வழிகாட்டிகள் உண்மையில் அதிகம் பொருந்துவது இங்குள்ள விராலுக்குத்தான். தாமரை இலைக்குள்ளும் புல்லுக்குள்ளும் ஒளிந்திருந்து பாயும் மீன் அது. மாரி மழையில் குளம் நிரம்பித் தை, மாசியில் ஓரப் புல் மூழ்கிக் கிடக்கும்போது, கொக்கி மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருக்கும் பொய்த்தவளையை இலைகளின் மேலாகத் தத்திவரச் செய்யுங்கள். விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன். அது மூச்செடுக்கும் சுழிப்பைப் பார்த்து, அதற்குச் சற்று அப்பால் எறிந்து அவ்விடத்தைக் கடந்து கொண்டு வர வேண்டும். தவளையை அது அடித்த சத்தம் கேட்டவுடன் வெட்டி இழுக்காதீர்கள். நூல் இழுபட்டு நகர்வதைக் கண்ட பிறகே தடியை உயர்த்துங்கள்.

வயலுக்கு நீர் திறந்து ஆவணி, புரட்டாசியில் குளம் வற்றும்போது ஓரங்கள் சேறாகிவிடும். அப்போது மீன் எஞ்சிய ஆழத்துக்கு ஒதுங்குவதால், தவளையை விட்டு றப்பர் மீனை எடுங்கள். நீரின் மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளுவதைக் கண்டால் அதன் அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கின்றன. அவை எதை எறிந்தாலும் தாக்கும். அதனாலேயே அங்கே எறியக்கூடாது. பெரியவை போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

உப்புவெளிக் கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மூதூர் நானா, உங்களிடம் ஒரு கேள்வி மட்டும். நமது கரையில் நீர் ஏறி வற்றும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்ப்பதே வீண் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா? மேலும், எல்லாவற்றையும் சேர்த்து எதை முதலில் வாங்குவது?

மூதூர் முகத்துவாரம் எழுதியது:

திறந்த கரையில் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு, கிண்ணியாவில் இல்லை. தம்பலகாமக் குடா முழுவதும் அந்த ஒடுங்கிய வாய்க்கால் வழியாகத்தான் நிரம்பி வற்ற வேண்டியிருப்பதால், மட்டம் சில அங்குலமே மாறினாலும் பாலத்தடியில் ஓட்டம் வலுக்கும். அமாவாசையையும் பூரணையையும் ஒட்டிய நாட்களில் அது இன்னும் கூடும். வற்று தொடங்கி ஓட்டம் பிடிக்கும் நேரத்தையும், அது நின்று திரும்புவதற்குச் சற்று முந்திய நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். நடுவில் ஓட்டம் மிகக் கடுமையாக இருக்கும்போது இரை அடியைத் தொடாது.

முதலில் துடுப்பு வால் றப்பர் மீன்களில் கறுப்பு ஒரு பொதி, பொன்னிறம் ஒரு பொதி. அவற்றுக்கு இரண்டு எடைகளில் ஈயத் தலைக் கொக்கிகள். அவை மட்டுமே உங்களை மாரி முழுவதும் கொண்டு செல்லும். பங்குனிக்குள் ஒரு வெள்ளி மினோ, கச்சானுக்கு முன் நீர்மேல் இரை ஒன்று. பொய்த்தவளையைக் குளத்துக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.

80 சென்ரிமீற்றரைத் தாண்டிய கொடுவா கிடைத்தால் அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மீன் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகே பெண்ணாக மாறுகிறது. அந்த அளவில் உள்ளவற்றில் பல முட்டையிடும் பெண்களாக இருக்கும். கொக்கியின் முட்களைக் குறட்டால் முன்பே நசுக்கி வைத்தால் கழற்றுவது எளிது. தாடையில் தூக்கித் தொங்கவிடாமல், வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்துக் கிடையாகப் பிடித்து, ஓட்டத்தை நோக்கித் தலை இருக்கும்படி நீருக்குள் வைத்திருங்கள். தானாக வாலை அடிக்கும்வரை கையை எடுக்காதீர்கள்.